உலக சமயப் பாடமும் எமது பிள்ளைகளும்



பல்கலைக்கழகத்தின் உலக சமய அறிமுகப் பாடங்களில் தாபகர் யார், வேதநூல் எது என்று கட்டம் போட்டுப் படிப்பிப்பது வழக்கம். இந்து சமயத்துக்கு வந்ததும் தாபகர் கட்டம் வெறுமையாகிவிடும். அதற்காக எமது பிள்ளைகள் கூச்சப்பட வேண்டியதில்லை. கட்டந்தான் சிறியது.

பலேர்மோவில் வேறொரு கேள்வியும் வரும். 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் எனப் போற்றப்படும் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெகிரினோ மலையேறிப் போகும் தமிழரில் சைவர்கள் பலர். மடுமாதாவிடம் போய் வந்த எமக்கு இது புதினமல்ல. "அப்படியானால் நீங்கள் கத்தோலிக்கரா?" என்று சக மாணவர் கேட்டால் பிள்ளை தடுமாறக்கூடாது. நாம் சைவர், நேர்த்தி வைப்பது மதம் மாறியதாகாது என்று தெளிவாகச் சொல்லட்டும். பரீட்சையிலும் எழுதட்டும்.

பாடம் தொடங்குமுன் பிள்ளைகளைச் சீசா மாளிகைக்குக் கூட்டிச் செல்லுங்கள். கிரிசாந்து என்ற குருவானவர் தம் தாயார் அன்னாவுக்காக 1149இல் வைத்த கல் அங்கே உண்டு. இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என நான்கு விதமாகப் பொறித்திருக்கிறார்கள். ஆண்டும் ஒன்றல்ல: அவரவர் கணக்குப்படி நான்கு. பிள்ளைகளையே வாசித்து ஒப்பிடச் சொல்லுங்கள்.