கொல்லையில் முளைத்த பச்சிலை

கொல்லையில் தானாக முளைத்த செடியொன்றின் இலையைக் கசக்கி முகர்ந்த மாத்திரத்தில் இதமான சுகந்தம் எழுமானால், அது மூலிகையாகத்தான் இருக்க வேண்டுமென்று நிச்சயித்து, மறுநாளே ரசத்தில் போட்டுக் கொதிக்க வைக்கும் உற்சாகம் நம்மவர்களிடம் மிகுதி. ஆனால் வேலியோரமெல்லாம் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியின் இலைக்கும் வாசனை உண்டு. அதை மேய்ந்த மாடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடங்களில் தோல் புண்ணாகிவிடும் என்பதைக் கால்நடை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுத் துளசி மாடத்துக்கு அருகே, ஐப்பசி மழைக்குப் பின் முளைத்து முழங்கால் உயரம் வளர்ந்த செடியொன்று, துளசிக்குச் சொந்தமென்று சொல்லத்தக்க தோற்றமும், துளசிக்கு இல்லாத சோம்பு மணமும் கொண்டு நின்றபோது, நான் முதலில் செய்த பரீட்சை அதன் தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்த்ததுதான். உருளவில்லை, நான்கு விளிம்புகள் விரலில் தட்டுப்பட்டன. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்து, ஒரு ஜோடிக்கு மேலுள்ள ஜோடி அதற்குக் குறுக்காகத் திரும்பியிருந்தது. துளசி, புதினா, கற்பூரவல்லி, மரு ஆகிய யாவும் அடங்கிய குலத்தின் லட்சணங்கள் இவை. எனினும் இந்த அளவில் திருப்தியடைந்துவிடலாகாது. ஏனெனில் மேலே சொன்ன உண்ணிச்செடிக்கும் நாற்கோணத் தண்டும் எதிரிலைகளும் உண்டு. ஐயத்தைத் தீர்ப்பது பூவே. உண்ணிக்குப் பல நிறங்கள் கலந்த தட்டையான பூங்கொத்தும், பின்னர் கறுத்த சதைக்கனியும் வரும். துளசிக் குலத்திலோ, ஈருதடுகளாகப் பிளந்த சிறு மலர் கதிரில் அடுக்கடுக்காகப் பூத்து, உதிர்ந்த பின் புல்லிக் கிண்ணத்தின் அடியில் நான்கு விதைகள் தங்கும்.

ஆகவே பூக்கும் வரை பொறுத்திருந்தேன். பூ வெண்மையாக இருந்தது. துளசியின் தண்டில் காணும் மெல்லிய ரோமம் இதில் அரிது. இலை வழவழப்பாகப் பளபளத்தது. முற்றிய கதிரை உள்ளங்கையில் தேய்த்து எடுத்த கரிய விதைகளைக் கிண்ணத்து நீரில் இட்டேன்; சில நிமிஷங்களில் ஒவ்வொன்றையும் சுற்றிச் சாம்பல் நிறக் கூழ்ப்படலம் திரண்டு, நடுவே கறுப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. சர்பத்துக் கடைகளில் போடும் சப்ஜா விதைதான்! இக்குலத்தில் வேறு சில விதைகளும் இவ்வாறு ஊறுமாதலால், மற்ற அடையாளங்களோடு சேர்த்தே இதை ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

வீடு தேடிப் பூக்கொண்டு வரும் அம்மாளிடம் ஒரு கதிரைக் காட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்காமல், "இது பச்சிலைங்க ஐயா, திருநீத்துப்பச்சிலை, கதம்பத்துலே வச்சுக் கட்டுவோமே!" என்றார். வாடிய கதம்பத்தைச் செடிகளின் அடியில் போடும் எங்கள் வீட்டு வழக்கத்தினால் விதை விழுந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். பின்னர், 1915 முதல் 1936 வரை வெளிவந்த கேம்பிள் துரையின் சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்டிப் பார்த்ததும் எஞ்சிய சந்தேகமும் நீங்கிற்று.

உபயோகத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இதன் வாசனைத் தைலம் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் தங்கியிருந்து, உஷ்ணம் பட்டதும் பறந்துவிடுவது. ஆகையால் தக்காளி ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே நாலைந்து இலைகளைக் கிள்ளிப் போட்டு மூட வேண்டும். இதே இனத்தை வளர்க்கும் இத்தாலியின் ஜெனோவா நகரத்தார், பூண்டு, பைன் கொட்டை, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றோடு இலையைப் பச்சையாகவே இடித்துத் துவையலாக்குவதும் இந்த ரகசியம் அறிந்துதான். பறித்த கிளைகளைக் குளிர்பெட்டியில் வைத்தால் இலை கறுத்துவிடும். தம்ளர் நீரில் பூங்கொத்தைப்போல் நிறுத்தி வைத்தால் வாடாமலிருக்கும். இலை வேண்டுவோர் நுனிகளைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கதிர் விட்டபின் இலை சிறுத்துவிடும். விதையை நன்றாக ஊறவைத்த பிறகே உண்ண வேண்டும். உலர்ந்தபடி விழுங்கினால் தொண்டையில் பருத்து அடைக்கக்கூடும். மருந்தாகச் சாப்பிட நினைப்பவர்கள், விசேஷமாகக் கர்ப்பிணிகள், வைத்தியரைக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

உங்கள் தோட்டத்திலும் பெயர் தெரியாத வாசனைச் செடி தலைகாட்டினால், வாயில் இடவும் வேண்டாம், பிடுங்கி எறியவும் வேண்டாம், பூக்கவிடுங்கள். அப்போதும் இன்னதென்று விளங்காவிடில், பூவும் காயும் உள்ள கிளையொன்றைச் செய்தித்தாள் மடிப்பில் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, ஈரத்தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்திக்கொண்டு, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் கிளைக்கோ, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலுள்ள ராபினட் உலர்தாவரச் சாலைக்கோ எடுத்துச் சென்று கேளுங்கள்.