பெட்ரோலும் ஆக்டேன் எண்ணும்

பெட்ரோல் நிலையங்களில் சாதாரணப் பெட்ரோலுடன் விலை கூடிய பெட்ரோலும் விற்கப்படுவதைக் காண்கிறோம். விலை கூடியதைப் போட்டால் வண்டி பாய்ந்து செல்லும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்கூட இதை நம்பிச் செலவு செய்வதுண்டு. இது சரிதானா என்பதை வேதியியல் வழிநின்று ஆராய்வோம்.

எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக்கின் பொறி அதனைப் பற்றவைக்கிறது. தீ சீராகப் பரவினால் பிஸ்டனும் சீராகத் தள்ளப்படும். ஆனால் சில வேளைகளில், தீ வந்து சேருமுன்பே எஞ்சிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடித்துவிடும். அப்போது சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை எழும். இதனையே ‘நாக்கிங்’ என்பர். இது நீடித்தால் பிஸ்டன் பழுதாகும்.

எரிபொருள் இதனை எவ்வளவு தாங்கும் என்று காட்டுவதே ஆக்டேன் எண். அமெரிக்க வேதியியலறிஞர் கிரகாம் எட்கர் 1920களில் இதற்கு வழி வகுத்தார். எளிதில் நாக்கிங் தரும் நார்மல் ஹெப்டேனுக்கு 0, எளிதில் தராத ஐசோ ஆக்டேனுக்கு 100 என மதிப்பிட்டனர். 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவைக்கு ஒப்பாகத் தாங்கும் பெட்ரோலின் ஆக்டேன் எண் 91.

ஆகவே, ஆக்டேன் எண் வேறு, எரிசக்தி வேறு. எத்தனாலின் ஆக்டேன் எண் 100க்கும் மேல். ஆயினும் ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், பெட்ரோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே.

நாக்கிங்கைத் தடுக்க 1921இல் தாமஸ் மிட்ஜ்லி டெட்ரா எத்தில் ஈயத்தைக் கண்டார். ஓசை அடங்கியது, ஆனால் புகையோடு வெளியேறிய ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

அப்படியானால் எந்தக் காருக்கு எந்தப் பெட்ரோல்? அமுக்க விகிதம் மிகுந்த எஞ்சின்களுக்கும், டர்போ பொருத்திய சில எஞ்சின்களுக்கும் உயர் ஆக்டேன் தேவை. கையேட்டில் 95 வேண்டும் என்றிருந்தால் அதற்குக் குறையலாகாது. இக்கால எஞ்சின்கள் நாக்கிங்கை உணர்ந்து பொறியைத் தாமதப்படுத்தித் தம்மைக் காத்துக்கொள்ளும்; ஆனால் திறனும் மைலேஜும் குறையும். 91 போதும் என்றிருந்தால், பெரும்பாலும் அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீணே.

அந்தக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. படிக்கும் வாய்ப்பைப் பெற்ற நாம், அதனைப் பெறாமல் வண்டி ஓட்டி நம்மைப் படிக்க வைப்பவர்களுக்கு அந்த ஒரு வரியைப் படித்துச் சொல்வோமாக!