பைக்கை விற்றால் பெயரையும் மாற்றி விடுங்கள்



இம்முறை எமது பாடம் பழைய மோட்டார் சைக்கிளை விற்பது பற்றி. சுகாதாரமும் சேமிப்பும் எழுதுகிற பக்கத்தில் பைக்குக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இன்று லயத்துக்கு லயம் பைக் நிற்கிறது. ஒரு குடும்பத்தில் நகைக்கு அடுத்தபடியாக விலை போகக்கூடிய பொருள் அநேகமாக அதுதான். பிள்ளையின் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுக் கூரை என்று ஏதாவது வந்துவிட்டால் முதலில் விலை பேசப்படுவதும் அதுதான்.

2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குகளின் விலை ஏறியது. 2025இல் இறக்குமதி மறுபடி தொடங்கினாலும், புதியது வாங்க வசதியில்லாதவர்கள் பழையதைத் தேடித்தான் வருகிறார்கள். முன்பெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்காரர், டவுனில் கடை வைத்திருப்பவர் என்று தெரிந்த ஆள்தான் வாங்குவார். இப்போது போனில் படத்தைப் போட்டால் குருநாகலில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் கொழும்பில் இருந்தும் ஆள் வருகிறார். நல்ல விலையும் தருகிறார். வரட்டும், சந்தோஷம். ஆனால் பைக் கினிகத்தேனையைத் தாண்டிப் போன பிறகு அந்த ஆளை நாம் எங்கே போய்த் தேடுவது? அதனால்தான் தூரத்து ஆளுக்கு விற்கும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும் என்கிறோம்.

வருகிறவர் அநேகமாகக் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, பேப்பர ஓப்பனா குடுங்க. நான் ஊருக்குப் போய் என் பேருக்கு மாத்திக்கிறேன்." இதைத்தான் ஓப்பன் பேப்பர் என்கிறார்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் உரிமை மாற்றப் படிவங்களில் விற்பவர் கையெழுத்தை மட்டும் வைத்து, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுப்பது. வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமலே இன்னொருவருக்கு விற்பார். அவர் மற்றொருவருக்கு விற்பார். மாற்றும் செலவு அவர்களுக்கு மிச்சம், இடையில் நிற்கும் தரகருக்கு லாபம். பைக் நாலு கை மாறியிருக்கும், பதிவுப் புத்தகத்தில் மட்டும் நம்முடைய பெயர் அப்படியே இருக்கும்.

இருந்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். அந்த பைக்கில் போய் ஒருவன் சங்கிலி அறுத்தாலும், கஞ்சா கடத்தினாலும், ஆளை மோதிவிட்டு ஓடினாலும் பொலிஸார் இலக்கத் தகட்டைப் பார்த்துத் தேடும்போது முதலில் வருவது புத்தகத்தில் உள்ள பெயர்தான். கொழும்பில் 2024 ஜனவரியில் இருந்து வீதி ஒழுங்கை மீறும் வாகனங்களைக் கமெரா மூலம் பிடிக்கிறார்கள். அதற்கான அறிவித்தலும் பதிவுச் சொந்தக்காரரைத் தேடித்தான் வரும். பொரளையில் யாரோ சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதற்குப் பொகவந்தலாவையில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா. மகனுக்காக அவர் பெயரில்தான் பைக் வாங்கியிருந்தார்கள். கிளினிக்குக்குப் போகும்போது பின்னால் உட்கார்ந்ததைத் தவிர அந்த பைக்கோடு அவருக்கு வேறு தொடர்பில்லை. மகன் அதை வெளி மாகாணத்து ஆள் ஒருவருக்கு ஓப்பன் பேப்பரில் விற்றுவிட்டார். அம்மாவும் மகன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்துப் பதினொரு மாதம் கழித்து லயத்துக்குப் பொலிஸ் வந்தது. யாரோ அந்த பைக்கால் ஒரு பெரியவரை மோதிவிட்டு நிற்காமல் போயிருக்கிறார்கள். "பைக் எங்கே, யார் ஓட்டினது?" என்று கேட்டால் அந்த அம்மா என்ன சொல்வார்? வாங்கியவரின் போன் வேலை செய்யவில்லை. வாக்குமூலம் கொடுக்க அவ்வளவு தூரம் போய்வர ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் பேர் போனது, பஸ் காசும் போனது. இப்படி நாலு தடவை. கடைசியில் அவரைக் காப்பாற்றியது மகனின் போனில் இருந்த ஒரு படம். வாங்கியவரின் அடையாள அட்டையை அன்றைக்கு ஏதோ நினைப்பில் படம் எடுத்து வைத்திருந்தார். அதுவும் இல்லாமல் இருந்திருந்தால்?

இனி, முறையாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

விளம்பரம் போடுவதற்கு முன்பே பதிவுப் புத்தகத்தை எடுத்து வாசியுங்கள். சீ.ஆர். என்று சொல்கிறோமே, அதுதான். யார் பெயரில் இருக்கிறது? லீசிங் எடுத்து வாங்கியதென்றால் அந்தக் கம்பனியின் பெயரும் அதில் பதிந்திருக்கும். தவணை முழுவதும் கட்டி, கம்பனியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கி, அந்தப் பெயரை நீக்கும்வரை பைக்கை விற்க நமக்கு உரிமை கிடையாது. "மிச்சத் தவணைய நான் கட்டிக்கிறேன்" என்று வாங்குபவர் சொன்னால் நம்ப வேண்டாம். அவர் கட்டாவிட்டால் கம்பனி நம்மைத்தான் பிடிக்கும். இறந்துபோன அப்பாவின் பெயரில் இருந்தால் முதலில் உரித்துக்காரர் பெயருக்கு மாற்ற வேண்டும், அது தனிப் பாடம். நீங்களே ஓப்பன் பேப்பரில் வாங்கியவராக இருந்தால், புத்தகத்தில் உள்ளவரைத் தேடிப்பிடித்து முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

நம் ஆட்களுக்கே உரிய தொல்லை இன்னொன்று உண்டு. அடையாள அட்டையில் ஒரு பெயர், பதிவுப் புத்தகத்தில் வேறு எழுத்து. தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா என்பதில் குழப்பம். இதை வாங்குபவர் வந்து நிற்கும் அன்றைக்குக் கண்டுபிடித்துப் பிரயோசனமில்லை.

புத்தகத்தில் உள்ள எஞ்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் பைக்கில் உள்ளதோடு சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவும் சரியென்றால் ஆளை வரச் சொல்லலாம்.

லயத்துக்கு வரச் சொல்லாதீர்கள். டவுனில், உங்களுக்குக் கணக்கு உள்ள வங்கிக்குப் பக்கத்தில், வங்கி திறந்திருக்கும் நாளில் சந்தியுங்கள். தனியாகப் போகாமல் விவரம் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டிப் பார்க்கக் கேட்பார், அது நியாயம்தான். முதலில் அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தையும் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்து, இரண்டையும் படம் எடுங்கள். முகமும் படமும் ஒன்றா என்று பாருங்கள். அவரோடு வந்தவரோ, அவர் வந்த வாகனமோ உங்களிடம் நிற்க வேண்டும். வெறும் அட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு பைக்கைக் கொடுத்தால், கையில் மிஞ்சுவது கள்ள அட்டையாகவும் இருக்கலாம்.

காசு விஷயத்தில் வெட்கப்படக் கூடாது. கைக்காசு என்றால் வங்கிக்குள் போய் உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். நோட்டு நல்லதா கள்ளதா என்பதை அங்கேயே பார்த்துவிடுவார்கள். காசோலை தந்தால், அதைக் கணக்கில் போட்ட அன்றே காசு வந்ததாக நினைக்க வேண்டாம். பணம் சேர்ந்துவிட்டது என்று வங்கி சொல்லும்வரை பைக் நம்மிடமே நிற்கட்டும். "போன்ல அனுப்பிட்டேன், இந்தா பாருங்க" என்று தன் போனைக் காட்டினால், அது சாட்சியில்லை. உங்கள் கணக்கு மீதியை நீங்களே பாருங்கள், தெரியாவிட்டால் கவுண்டரில் கேளுங்கள். உங்கள் போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். காசு வாங்குவதற்கு அந்த இலக்கம் தேவையே இல்லை. பாதி இப்போது, மீதி அடுத்த மாதம் என்றால், பைக்கும் அடுத்த மாதம்தான்.

அடுத்தது படிவங்கள். எம்.டி.ஏ. 6 என்பது புதிய சொந்தக்காரர் தன் பெயருக்கு மாற்றக் கேட்கும் விண்ணப்பம், அதில் நாமும் கையெழுத்து வைக்க வேண்டும். எம்.டி.ஏ. 8 என்பது பைக் கைமாறிவிட்டது என்று பழைய சொந்தக்காரர் திணைக்களத்துக்குக் கொடுக்கும் அறிவித்தல். இரண்டிலும் வாங்குபவரின் முழுப்பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் உங்கள் கண் முன்னால் நிரப்பப்பட்ட பிறகே கையெழுத்து. சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசிக்கத் தெரிந்தவரைக் கொண்டு வாசித்துக் கேளுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் இன்னும் மெதுவாகப் போங்கள்.

எம்.டி.ஏ. 8இல் இன்னொன்றும் நிரப்பி, அதை அன்றோ மறுநாளோ நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் நீங்களே அனுப்புங்கள். வாங்குபவர் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று விட்டுவிட வேண்டாம். தபால் கந்தோர் தரும் சின்னத் துண்டை அடையாள அட்டையைப் போலப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் "இந்தத் திகதியில் விற்று அறிவித்துவிட்டேன்" என்று காட்ட அந்தத் துண்டு வேண்டும்.

இதோடு ஒரு விற்பனைக் கடிதமும் எழுதுங்கள். பைக்கின் இலக்கம், விலை, இருவரின் பெயர் விவரம், இரண்டு சாட்சி. திகதி மட்டும் போதாது, பைக் கொடுத்த நேரத்தையும் எழுதுங்கள். பகல் 11.30க்கு நீங்கள் கொடுத்து, 2 மணிக்கு அவர் அவிசாவளையில் விபத்தில் மாட்டினால் அந்த நேரம்தான் பேசும். எல்லாவற்றிலும் ஆளுக்கொரு போட்டோ கொப்பி.

உங்கள் பெயரில் உள்ள காப்புறுதி வாங்குபவருக்குப் பாதுகாப்பாகாது. அவர் தன் பெயரில் அன்றைக்கே டவுனில் ஒரு காப்புறுதி எடுத்துவிட்டு ஓட்டட்டும், இல்லையென்றால் லொறியில் ஏற்றிக்கொண்டு போகட்டும். புகைப் பரிசோதனையும் வருமான அனுமதிப்பத்திரமும் முடிந்து கிடக்கும் பைக்கை நூறு மைல் ஓட்டிப்போக விடாதீர்கள்.

"மாகாணம் வேற, நம்பர் பிளேட்டும் மாத்தணும், அதான் லேட்டாகும்" என்று சிலர் சாட்டுச் சொல்வார்கள். முன்பு அப்படித்தான், மத்திய மாகாணத்து சி.பி. எழுத்தை எடுத்துவிட்டு வேறு எழுத்துப் போட வேண்டியிருந்தது. 2023இல் இருந்து மாகாண எழுத்து இல்லாமலே தகடு கொடுக்கிறார்கள், மாகாணம் மாறுவதற்காகத் தகடு மாற்றவும் தேவையில்லை. ஆகவே அந்தச் சாட்டு இனிச் செல்லாது. ஒரு மாதம் கழித்து அவருக்குப் போன் போட்டு, புதிய புத்தகத்தின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையான ஆள் அனுப்புவார்.

படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், பெயரில் எழுத்து வித்தியாசம் உள்ளவர்கள் பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். பெரட்டு முடிந்து பின்னேரம் வந்தாலும் பார்த்துக் கொடுப்போம். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் வாருங்கள்.