பலூன் போட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள்

மைட்ரல் வால்வு சுருக்கத்துக்குப் பலூன் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காது. இரண்டு தலையணை இல்லாமல் படுக்கலாம். வீட்டில் எல்லோரும் நோய் சரியாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையில் வால்வு விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வின் இதழ்களில் விட்ட தழும்பு அப்படியே இருக்கும். தொண்டைக் கிருமி மூலம் அந்தக் காய்ச்சல் திரும்பினால் தழும்பு இன்னும் தடிக்கும். அதைத் தடுக்கத்தான் மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி.

எனக்கு இருபத்துநாலு வயதில் பலூன் போட்டார்கள். குறைந்தது 40 வயதுவரை ஊசி, வருடாவருடம் எக்கோ என்று சீட்டில் தெளிவாக எழுதித் தந்தார்கள். கல்யாணமாகிப் போன ஊரில் ஒரு கிளினிக் டாக்டர், "அதான் வால்வைத் திறந்தாச்சே, இனி எதுக்கும்மா இது?" என்று ஊசியை நிறுத்தினார். சீட்டைக் காட்டினேன். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள் என்றார். ஊசி போட்ட நாளில் இடுப்பு வலியோடு நான் வேலை செய்ய முடியாமல் கிடப்பது ஏற்கெனவே குறையாகப் பேசப்பட்ட வீடு அது. டாக்டரே சொல்லிவிட்டார் என்று பிடித்துக்கொண்டார்கள். எக்கோ எடுப்பதும் அதோடு நின்றது.

முப்பத்தாறு வயதில் மறுபடி மூச்சிரைப்பு. நாலு சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டிய வால்வின் வாய் 0.9 ஆகியிருந்தது. சுண்ணாம்பு படிந்து, கசிவும் சேர்ந்துவிட்டதால் இரண்டாவது பலூனுக்கு வழியில்லை என்றார்கள். ஊசி தவறாமல் போட்டவர்களுக்கும் பத்துப் பதினைந்து வருடத்தில் வால்வு மறுபடி சுருங்குவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் வருடாவருடம் எக்கோ எடுத்திருந்தால் கையை மீறும் முன்பே தெரிந்திருக்கும். அந்த டாக்டரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. உங்களிடம் யாராவது ஊசியை நிறுத்தச் சொன்னால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

என் பெரியம்மாவுக்கும் இதே வால்வுச் சுருக்கம்தான்; 1970-களில் வேலூரில் அறுவை நடந்தது. பலூன் வராத காலம். துடிக்கும் இதயத்துக்குள் விரலை விட்டு வால்வைத் திறப்பார்கள். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் அப்படிச் சிகிச்சை பெற்ற 3,724 பேரின் நீண்டகால நிலையை 1983-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். பெரியம்மா எழுபதைத் தாண்டி வாழ்ந்தார். நாள் தவறாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து போய் ஊசி போட்டுக்கொண்டதால்தான் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாவது பலூனுக்கு வழியில்லாததால் எனக்கு வால்வையே மாற்றும்போது அண்ணன் திசு வால்வுதான் வேண்டும், உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை வாழ்நாள் தொல்லை என்று சண்டை போட்டார். நான் உலோக வால்வுதான் கேட்டேன். திசு வால்வு வயதானவர்களுக்குப் பொருந்தும்; இளம் வயதில் சீக்கிரம் தேய்ந்து, மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். எனக்குப் பிள்ளை பெற்று முடிந்துவிட்டது. இனிமேல்தான் பெற வேண்டும் என்றால் இந்த மாத்திரை கருவைப் பாதிக்கும். டாக்டரிடம் அதை முதலில் பேசுங்கள். அண்ணனுக்கு இன்னும் வருத்தம்தான். தேர்ந்தெடுத்தது சரி என்றே இன்றும் சொல்வேன்.

மற்றதெல்லாம் பழக்கம். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எனக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்காதீர்கள், ரத்தக்கசிவு வரும். ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறச் சொல்லி யாராவது வந்தால், உலோக வால்வுக்கு அது ஆகாது என்று சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனால் நாற்காலியில் உட்காரும் முன்பே வால்வு மாற்றியதைச் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும்.