கைப்பேசிக் கடையின் முகப்பும் வாசலும்

நமது வியாபார அன்பர்களில் பலர் தங்கள் கடைக்கென ஒரு கைப்பேசிச் செயலி செய்துகொள்ள முனைந்திருக்கின்றனர். காலத்திற்கேற்ற காரியந்தான். ஆனால் பெயர்ப்பலகை எழுதுபவரிடம் கேட்கும் கேள்விகளில் பாதிகூடச் செயலி செய்பவரிடம் நாம் கேட்பதில்லை. அவ்வாறு கேளாதிருந்து நஷ்டப்பட்டவர் நாமே ஆகையால், இவ்விஷயத்தைச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மளிகைக் கடைக்கு ஒரு செயலி செய்வித்தோம். கரும்பச்சை, பொன்னிறம், இளமஞ்சள் என்று நிறங்கள். திறந்ததும் கடையின் படம் பெரிதாய்த் தோன்றும். பார்த்தவரெல்லாம் அழகு என்றனர். நாமும் மகிழ்ந்து மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். இருபது வருடமாய் நம்மிடம் வாங்கும் மூதாட்டி ஒருவர், வீட்டு விருந்துக்கான அரிசி, நெய், மசாலைப் பொருள்களை அச்செயலியிலேயே தேர்ந்தெடுத்துவிட்டுக் காத்திருந்தார். சாமான் போகவில்லை. மறுநாள் காலை தொலைபேசியில், "தம்பி, அரிசி எங்கே? சட்டி அடுப்பில் ஏறும் நேரமாயிற்றே!" என்றார்.

விசாரித்ததில், கூடையை நிரப்பியவர் கடைசிப் பொத்தானை அழுத்தவே இல்லை. இளமஞ்சள் தரையில் பொன்னிறமாய் ஓரத்தில் கிடந்த அதனை ஏதோ சித்திர வேலை என்று எண்ணிவிட்டார். அன்று வேறு கடையில் வாங்கினார். நெடுநாள் அங்கேயே வாங்கினார். பிழை அவருடையதன்று.

செயலியின் தோற்றம் வேறு, அதற்குள் நடமாடும் சௌகரியம் வேறு என்பதை அன்றுதான் அறிந்தோம். பெயர், சின்னம், நிறம், எழுத்து ஆகியவை சேர்ந்ததே தோற்றம். 2012-ல் மலேசியாவில் மைடெக்சி என்று தொடங்கிய டாக்சிச் செயலி, 2016-ல் கிராப் என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. இன்று பச்சைச் சட்டை தெருவில் போகக் கண்டால் எழுத்தைப் படியாமலே ஆளை அறிகிறோம். நம் கல்லாவின் முன்னுள்ள டுயிட்நவ் அட்டையின் ரோஜா நிறமும் அப்படியே. எடுத்த நிறத்தைப் பலகை, பை, ரசீது, செயலி யாவற்றிலும் விடாது வைத்திருக்க வேண்டும்; பெருநாளுக்கொரு நிறமாய் மாற்றுவோருக்கு அப்பலன் கிட்டாது.

சௌகரியத்திற்குக் கணக்கு உண்டு. விரல் அழுத்தும் இடம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் சதுரமேனும் இருக்கட்டும் என்கிறது கூகுளின் வழிகாட்டி. சாதாரண எழுத்துக்கும் தரைக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையலாகாது என்பது சர்வதேச விதி. மதரஸாவில் கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதிய உஸ்தாதுக்கு இவ்விதி சொல்லாமலே தெரிந்திருந்தது! மேலும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் உண்டு. ஆதலால் தீர்ந்த சரக்குக்குச் சிவப்புப் புள்ளி மட்டும் வைக்காமல் 'இருப்பு இல்லை' என்று எழுதிவிடுவது நல்லது.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். மலாயில் 'பாயார்' என்பது தமிழில் 'பணம் செலுத்துக' என நீளும். ஆங்கிலத்திற்கு அளந்த பொத்தானில் பாதி அறுந்துபோகும். வரிக்கு மேலே இடம் விடாததால் நமது செயலியில் சீரகத்தின் சுழி வெட்டுப்பட்டு, 'சரகம்' என்ன விலை என்று ஒருவர் கேட்டார்.

இரண்டாம் முறை செய்தபோது காகிதத்தில் வரைந்து தொடங்கினோம். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் இத்துறை அறிஞர் 2000-ல் எழுதியிருக்கிறார். அவ்வாறே அம்மூதாட்டி, அண்டை வீட்டு மலாய்ப் பெண்மணி, உணவுக்கடைச் சமையற்காரர், பள்ளிச் சிறுவன், கண்ணாடியை எப்போதும் மறந்துவரும் நமது மைத்துனர் ஆகியோரிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஐந்து கிலோ அரிசி வாங்கச் சொல்லிவிட்டு வாய்மூடி இருந்தோம். கடைக்காரனுக்கு அதுதான் கடினம். மூவர் கூடையைத் தேடி மேலும் கீழும் அலைந்தனர். பொத்தானைக் கட்டைவிரல் எட்டும் கீழ்ப்புறத்திற்கு இறக்கி, திரையின் அகலத்திற்குக் கரும்பச்சையில் வெள்ளை எழுத்தாய் 'அனுப்புக' என்று போட்டோம். அழுத்தியதும் 'கிடைத்தது, மாலையில் வரும்' என்ற பதிலும் வரச் செய்தோம். "இதை முதலிலேயே செய்திருக்கலாமே, தம்பி" என்றார் மூதாட்டி.

மற்றொன்று: மீதிப் பணம் கொடுக்குமுன் சின்னத்தின் மூலப் படக்கோப்பையும், செயலி பதிவாகியுள்ள கணக்கையும் உங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் வாங்கத் தவறி, நமது சின்னத்தையே பிறரிடம் கூலி கொடுத்து மறுபடி வரைய நேர்ந்தது.