மெஷின் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

கேள்வி: வீட்டில் பர்ஸ், பெல்ட் செய்து பழக ஆசை. குறைந்த செலவில் என்ன கருவிகள் வாங்கலாம்? தையல் மெஷின் வேண்டுமா?

பதில்: மெஷினை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வீட்டுத் தையல் மெஷின் பெல்ட் கனத்துக்குத் தாங்காது. இரண்டு ஊசி, மெழுகு நூல், குத்தூசி போதும். ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் ஊசி ஏறும் கைத்தையலில், ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும்.

காசைக் கத்தியிலும், 4 மி.மீ. இடைவெளியுள்ள துளையுளியிலும் போடுங்கள். மட்டமான உளியின் பற்கள் தோலுக்குள் சிக்கிக்கொள்ளும். பிடுங்கினால் தையல் வரிசையே கோணிவிடும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளியின் தலை நசுங்கும், தச்சரின் கொட்டாப்புளிதான் சரி. அடியில் வைக்க கிரானைட் கடையில் கழிவுத் துண்டு கேளுங்கள், அதன்மேல் ரப்பர் ஷீட். சென்னைக்காரர் என்றால் தோலுக்குப் பெரியமேடு இருக்கிறது. முழுத்தோல் வேண்டாம், வெட்டுத் துண்டுகளாக வாங்குங்கள்.