கருப்பாகிப் போன வெள்ளை

இத்தாலியில் அசிசி என்ற ஊர். அங்கே புனித பிரான்சிஸ் ஆலயத்தின் மேல்கோயிலில், இயேசு சிலுவையில் தொங்கும் ஒரு பெரிய சுவரோவியம் இருக்கு. ஒருமுறை தேடிப் பாருங்க. போட்டோ நெகட்டிவ் மாதிரி இருக்கும்! வெள்ளையா இருக்க வேண்டிய முகமும் துணி மடிப்பும் கருத்துப் போய், நிழல்கள் வெளிறித் தெரியும். 1280 வாக்கில் வரைந்தபோது அது அப்படி இல்லை.

வரைந்தவர் சிமாபுவே. இயற்பெயர் சென்னி தி பேப்போ, ஊர் ஃப்ளாரன்ஸ். வாழ்க்கையைப் பற்றிக் கிடைப்பது கொஞ்சம்தான்: 1272ல் ரோமில் இருந்தார், 1302ல் பீசா பேராலயத்தில் புனித யோவானின் மொசைக் உருவத்தைச் செய்தார். ஆவணத்தோடு உறுதியான ஒரே வேலை அதுதான். ஆடு மேய்த்த சிறுவன் ஜோட்டோ பாறையில் ஆடு வரைவதைப் பார்த்து சீடனாக்கிக்கிட்டார்னு ஒரு கதை உண்டு. நல்ல கதை, ஆனா நம்ப வேண்டாம்.

சரி, வெள்ளை ஏன் கருத்தது? நம்ம முதல் வருஷ கெமிஸ்ட்ரி போதும். ஃப்ரெஸ்கோ முறையில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைவாங்க. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது, நிறமும் சுவரோடு சேர்ந்து கல்லாகிடும். அதற்கேற்ற வெள்ளை, சுண்ணாம்பிலிருந்தே எடுக்கும் வெள்ளை. சிமாபுவே பயன்படுத்தியது ஈய வெள்ளை, அதாவது ஈயக் கார்பனேட். மரப்பலகையில் முட்டைக் கருவோடு குழைத்துப் பூசினால் அது காலத்துக்கும் நிற்கும். உஃபிஸி அருங்காட்சியகத்தில் அவர் வரைந்த மாதா ஓவியமே சாட்சி. சுவரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஈரமும் காற்றும் பட்டு மெல்ல ஈய டை ஆக்சைடாக மாறிடுச்சு. வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியின் பாசிட்டிவ் தகட்டில் இருக்கே, அதே கரும்பழுப்புப் பொருள்தான்.

சுவரில் ஈய வெள்ளை வேண்டாம், கருத்துவிடும் என்று சென்னினோ சென்னினி என்ற ஓவியர் புத்தகத்தில் எழுதி வைத்தார். ஆனா அது 1400 வாக்கில். அசிசியின் சுவருக்கு அது நூறு வருஷம் லேட்.

கருத்த இடத்தில் புதுசா வெள்ளை அடிச்சா என்ன? இந்தக் கேள்வி இன்னொரு ஊரில் இன்னும் பெரிசா வந்தது. 1966 நவம்பர் 4, ஃப்ளாரன்ஸில் ஆர்னோ நதி ஊருக்குள் புகுந்தது. சாண்டா க்ரோச்சே ஆலயத்தில் இருந்த சிமாபுவேயின் சிலுவை, நாலு மீட்டருக்கு மேல் உயரம், சேற்று நீரில் மூழ்கியது. மரம் தண்ணீரைக் குடித்து உப்ப, மேல் பூச்சு பிடி விட்டு உதிர்ந்தது. சுமார் 60 சதவீத வண்ணம் போச்சு. முகத்திலேயே பெரிய ஓட்டை.

பழைய போட்டோக்கள் இருந்தன. அதைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கலாம். சீரமைப்புக்குத் தலைமை தாங்கிய உம்பெர்த்தோ பால்தினி அதைச் செய்யலை. போன இடங்களைப் பல நிற மெல்லிய கோடுகளால் நிரப்பினாங்க. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தாது. கிட்டே போனால் இது சிமாபுவே இல்லை என்று தெளிவாத் தெரியும். பத்து வருஷ வேலை. எனக்கு அந்தக் கோடுகள் அழகாப் படலை. ஆனாலும் அவர் கை படாத முகத்தை அவர் முகம்னு காட்டாமல் விட்டாங்களே, அது சரின்னுதான் தோணுது.

உண்மையான சிமாபுவே இப்பவும் எங்கிருந்தாவது கிடைக்கலாம். 2019ல் பிரான்சின் கொம்பியேன் நகரில் ஒரு பாட்டி வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே, ஏ4 தாளை விடச் சின்னதா ஒரு பலகை தொங்கிக்கிட்டு இருந்தது. இயேசுவைக் கேலி செய்யும் காட்சி. வீட்டில் யாருக்கும் அதன் மதிப்பு தெரியாது. ஏலத்தில் போனது 2.4 கோடி யூரோவுக்கு. கையெழுத்து கிடையாது. லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் இரண்டு சின்னப் பலகைகளோடு சேர்ந்து ஒரே மரத்தில் இருந்ததுன்னு அடையாளம் காட்ட உதவிய தடயங்களில் ஒன்று, மரத்துக்குள் புழு துளைத்த பாதை.